முதுகுக்குப் பின்னால் ஒரு முருங்கைக்காய்

என் வீட்டுக்காரர் காலையில் சைக்கிளை எடுத்துவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பூனை குறுக்கே போனால்கூடக் கண்டுகொள்ள மாட்டார். தாராவியில் பூனைக்கெல்லாம் சகுனம் பார்த்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் பின்னாலிருந்து குரல் வருவது மட்டும் ஆகாது. திரும்பிப் பார்ப்பது அதைவிட ஆகாது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் சட்னிக் கரண்டியை மறந்துவிட்டுப் போனார். நான் கரண்டியும் கையுமாக வாசலில் நிற்கிறேன், அவர் முதுகு தெருவில் போய்க்கொண்டிருக்கிறது. கூப்பிடக் கூடாது. என்ன செய்வேன்? பின்பக்கத்துச் சந்தில் புகுந்து, சாக்கடையைத் தாண்டி ஓடி, தோல் பட்டறைக்குப் பக்கத்தில் அவருக்கு எதிரே போய் நின்று, ஏதோ தற்செயலாக வந்தவள் போலக் கரண்டியை நீட்டினேன். அவரும் கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போனார். சிரிக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு சில்லறைப் பை, மழைக்கோட்டு, செல்போன் என்று எத்தனையோ தடவை அந்தச் சந்தில் ஓடியிருக்கிறேன். நான் ஓடுகிற சத்தம் கேட்டால் அங்கே குடியிருப்பவர்கள், "இன்னைக்கு என்னத்த மறந்தாரு?" என்று உள்ளேயிருந்தே கேட்பார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதே கதைதான். விடிகிற நேரத்தில் நான் வாசலில் நிற்பேன், அவர் போவார், எனக்குக் கிடைப்பது அவர் முதுகு. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மனசில் ஒரு ஓரமாக அது கிடந்தது. எதிர்வீட்டுக்குப் புதுப் பெண்டாட்டியோடு குடிவந்தவன் தினமும் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் விடுவான். ஒரு நாள் நின்றிருந்த ஆட்டோவின் பின்பக்கத்தில் போய் முட்டினான். "பாத்தியா?" என்றார் இவர், என்னவோ தான் சொல்லி நடந்தது மாதிரி.

அவருக்கு இட்லி வியாபாரம். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் அதேதான். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சைக்கிளின் பின் கேரியரில் இட்லி நிறைந்த பெரிய அலுமினியப் பாத்திரம், ஹேண்டிலின் வலது பக்கம் சாம்பார்த் தூக்கு, இடது பக்கம் சட்னித் தூக்கு, நடுவில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். ஆளுக்கொரு லைன் உண்டு. ஒருத்தர் போகிற தெருவுக்கு இன்னொருத்தர் போக மாட்டார். இவருடையது சயானைத் தாண்டிச் செம்பூர்.

அந்த ஹாரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் ஜனங்கள் விலகுவார்கள். இட்லிக்காரன் அடித்தால் பாத்திரத்தோடு கிட்டே வருவார்கள். ஒரு தடவை செம்பூரில் ஒரு அம்மாள் குறுக்கே போகிறாளே என்று இவர் அவசரத்தில் 'பாம் பாம்' என்று அமுக்க, அவள் நடுரோட்டில் அப்படியே நின்று, "மேது வடா ஹை க்யா?" என்று மெதுவடை கேட்டிருக்கிறாள். அதிலிருந்து வழி விடச் சொல்லி அந்த ஹாரனைத் தொடுவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அடிப்பதில்லை. வீட்டுக்கு வீடு இட்லி வெந்துகொண்டிருக்கிற தெருவில் அதைக் கேட்டு யார் வாங்க வரப்போகிறார்கள்? யாராவது புதுசாக வந்தவன் அடித்துவிட்டால், "யாருக்குடே ஊதுத, ஒங்க அத்தைக்கா?" என்று கிண்டல் பண்ணியே ஓட்டிவிடுவார்கள்.

ஹாரனும் உதவாது, திரும்பியும் பார்க்க மாட்டார். அப்புறம் எப்படித்தான் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டினார் என்றால், காதுதான். பின்னால் வருவது ஆட்டோவா டெம்போவா, நெருங்குகிறதா ஒதுங்குகிறதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். "எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்குல்லா" என்று பெருமை வேறு. நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருடைய வலது காது போய்விட்டது. வலி இல்லை, சீழ் இல்லை. ஒரு காலையில் எழுந்தபோதே அந்தப் பக்கம் அடைத்த மாதிரி இருந்திருக்கிறது. சளி என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். எனக்குத் தெரிய வந்தது எப்படி என்றால், படுத்துக்கொண்டு நான் திட்டுகிற திட்டுக்கெல்லாம் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். வயதாக ஆக மனிதருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பார்த்தால், இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருக்கிறார். வலது காது மேலே இருக்கிறது. அதில் என் பேச்சு ஒன்றும் விழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள், நரம்பு செத்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்றார் டாக்டர். வெளியே வந்து ஒரு சாயா குடித்தோம். ரோட்டைத் தாண்டும்போது நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நடந்தேன். இன்றுவரை வெளியே போனால் என் இடம் அதுதான்.

காது போன பிறகும் மனிதர் லைனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் சாம்பார், தூக்கு நசுங்கியிருந்தது, முழங்கை தோலுரிந்திருந்தது. செம்பூரில் நின்றிருந்த ஒரு வண்டியைச் சுற்றிப் போக வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். அந்தப் பக்கமாகவே பின்னால் வந்த பஸ் அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் புண்ணியவான் பிரேக் போட்டுவிட்டான். இவர் சைக்கிளோடு கீழே. "ஒண்ணுமில்லளா, சாம்பாருதான் போச்சு" என்றார். முழங்கையைக் கழுவிவிட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

எங்களுக்கு ஒரே மகள். கட்டிக் கொடுத்துத் தாணேயில் இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் போனிலேயே பிடித்துக்கொண்டாள். "எம்மா, அப்பாவ இனிமே சைக்கிள்ல விடாத. இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஃப்ளாட் சொசைட்டில வாச்மேன் வேல இருக்காம். சேர்ல உக்காந்து கேட்டத் தொறந்து மூடணும், அவ்வளவுதான். ரூமும் தருவாங்க. டென்ஷனே இல்ல."

எனக்கு அது அமிர்தமாக இருந்தது. அவரிடம் சொன்னேன். அவர் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். இடது பக்கமாகப் போய் இன்னொரு தரம் சொன்னேன். "பாப்போம்" என்றார். அவருடைய 'பாப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடைக்கு இட்லி மாவு கொடுத்துவிட்டு மாட்டுங்காவின் பார்க்குப் பக்கமாக நடந்து வந்தேன். அங்கே ஒரு சின்னப் பெண், தலையில் ஹெல்மெட், அரை நிஜார், பத்துப் பதினைந்து பொம்பளைகளுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் என் வயசுக்காரிகள். ஒருத்தி முன்னால் ஓட்டிப் போகிறாள். இந்தப் பெண் பின்னால் நின்று கையைத் தூக்கி விரல் காட்டி, "கித்னா?" என்று கத்துகிறாள். முன்னால் போகிறவள் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சைக்கிள் கோணக் கூடாது. சொன்னவர்களுக்கு எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்கு உடனே செம்பூர் பஸ்தான் ஞாபகம் வந்தது. ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணே கிட்டே வந்து, "ஆன்ட்டி, சீக்னா ஹை?" என்று கேட்டாள், கற்றுக்கொள்ள வேண்டுமா என்று. எனக்கில்லை, என் புருஷனுக்கு என்றேன். எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்று கேட்டாள். உன் வயசுக்கு மேல் இருக்கும் என்றேன். சிரித்தாள். காது விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். "இப்ப வலது தோளுக்கு மேலே பின்னால் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். "குச்சியைப் பாருங்கள்" என்றாள். குச்சி தானாக வலது பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் திருப்பவே இல்லை. தலை போனால் தோள் போகிறது, தோள் போனால் கை போகிறது, கை போனால் சைக்கிள் போகிறது. அந்தப் பக்கம்தான் பஸ் வருகிறது. அப்புறம், வலது கையைக் குச்சியிலிருந்து எடுத்துத் தொடையில் வைக்கச் சொன்னாள். இடது கையை இறுக்காமல் லேசாகப் பிடித்து, தாடையைத் தோளுக்குக் கொண்டு போய் ஒரு பார்வை, உடனே முன்னால். குச்சி அசையவில்லை. நின்ற வண்டியைச் சுற்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இப்படிப் பார்க்க வேண்டும், வண்டியை ஒட்டிப் போகக் கூடாது, கதவு திறந்தாலும் நம்மைத் தொடாத தூரத்தில் போக வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். சைக்கிளே ஏறத் தெரியாத நான் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்திக் கட்டையை அவர் கையில் கொடுத்து அதே மாதிரி செய்யச் சொன்னேன். கட்டை திரும்பியது. முதலில் அவருக்கே ஆச்சரியம். அப்புறம் சுதாரித்துக்கொண்டார். "போற வழியில திரும்பிப் பாக்குறதாவது? நல்லா இருக்குளா ஒம் பேச்சு."

"பின்னால எமன் பஸ்ஸ ஓட்டிக்கிட்டு வந்தான்னா சகுனம் பாத்து நிப்பானாக்கும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

அன்றுதான் பந்தயம் போட்டோம். பக்கத்துக் கிரவுண்டில் நான் ஒரு நேர்கோடு போடுவேன். அவர் லைனுக்குப் போகிற பாரத்தோடேயே சக்கரம் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டிக்கொண்டு, பின்னால் நிற்கிற என் கையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் லைன் அவருக்கு. முடியாவிட்டால் தாணே. கிரவுண்டில் ஓட்டுவது புறப்பட்டுப் போவதில் சேராது, அதனால் அங்கே பார்த்தால் தோஷமில்லை என்று அவராகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் தோற்றுவிடுவார் என்று நினைத்ததுதான். தாணேயில் மகள் பக்கத்தில் ஒரு ரூமில் நிம்மதியாக இருப்பதாகக் கனவுகூடக் கண்டேன்.

லைன் முடிந்து அவர் வந்த பிறகு, சாயங்காலங்களில் கிரவுண்டுக்குப் போனோம். கோலப்பொடியால் கோடு போட்டேன். "கோலம் போட்டு வழியனுப்புதியா?" என்றார். அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு நல்ல வேடிக்கை. முதல் நாள் நான் முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்தேன். அவர் திரும்பினார், சைக்கிளும் திரும்பியது, நேராக ஸ்டம்ப்பில் போய் நின்றார். "அவுட்!" என்று கத்தினான் ஒருத்தன். அடுத்த தடவை அவர் திரும்பும் முன்னால் அத்தனை பேரும் சேர்ந்து, "அங்கிள், முருங்கைக்காய்!" என்றார்கள். அவரும் ரோஷமில்லாமல் "முருங்கைக்காய்" என்றார். நான் அந்தப் பையன்களை விரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காலி சைக்கிளில் சீக்கிரமே வந்துவிட்டது. கை தானாகத் தொடைக்குப் போகும், தாடை தோளுக்குப் போகும். "பூரிக்கட்டை", "செருப்பு", "தேங்காய்" என்று டக்கு டக்கென்று சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது, ஜெயித்துவிடுவாரோ என்று. அதனால் ஒரு நாள் ஒரே ஒரு கிராம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். திரும்பினார், கண்ணைச் சுருக்கினார், "ஒண்ணுமில்ல, வெறுங்கை" என்றார்.

"கிராம்பு. தோத்தாச்சு."

சைக்கிளை நிறுத்தி இறங்கி வந்து என் விரலைப் பார்த்தார். "ஏளா, பஸ் என்ன கிராம்பு சைசுலயா வருது?"

நியாயமான கேள்விதான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாரத்தோடு ஓட்டியதில்தான் சிக்கல் வந்தது. இட்லிப் பாத்திரத்தில் பழைய துணியும் செங்கல்லும் அடைத்தோம். தூக்குகளில் சாம்பாருக்கும் சட்னிக்கும் பதிலாகத் தண்ணீர். சாம்பார்த் தூக்கு பெரிது, அது வலது பக்கம் தொங்குகிறது. அவர் வலது கையை எடுத்த மாத்திரத்தில் ஹேண்டில் அந்தப் பக்கமாக இழுத்தது. கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை விழுந்தபோது எழுந்திருக்காமல் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், இடது பக்கமாக. முழங்கால் சிராய்ப்பை முந்தானையால் துடைத்துவிட்டேன். "போதுங்க. தாணேக்கே போயிருவோம். மக பக்கத்துல இருக்கலாம்லா" என்றேன். நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் வந்தது. அந்த நினைப்பு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

அவர் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்தக் காது சும்மா இல்லளா. உள்ள ஒரு எரைச்சல் போட்டுக்கிட்டே கெடக்கு. ராத்திரியும் பகலும். லைன்ல போனா அது தெரியல. நாலு பேர் கூப்புடுதாக, பேசுதாக, அதுல மறந்து போவுது. சேர்ல உக்காத்தி வச்சா நா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

இத்தனை நாளும் எனக்கு அது தெரியாது. ஒரு காது போய்விட்டது, அந்தப் பக்கம் நிசப்தமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதே அறையில் அதே பாயில் படுத்துக்கொண்டு, அவர் அந்த இரைச்சலைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மனிதர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிரவுண்டில் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று சாம்பார்த் தூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்தபோதுதான் அதன் கனம் உறைத்தது. "இது ஏன் முன்னால தொங்கணும்?" என்றேன்.

"பின்ன? கரண்டி கைக்கு எட்டணும்லா."

"சைக்கிள நிப்பாட்டிட்டுத்தான ஊத்துதீங்க? எறங்கி ஊத்துங்க. பின்னாடி, கேரியருக்குக் கீழ, பக்கத்துக்கு ஒண்ணாக் கட்டுவோம். ஹேண்டில்ல ஹாரன் மட்டும் கெடக்கட்டும்."

காலம்காலமாக எல்லாரும் முன்னால்தான் தொங்கவிடுகிறார்கள் என்றார். அவர்களுக்கெல்லாம் இரண்டு காதும் கேட்கும் என்றேன். பழைய டியூபைக் கீற்றாக வெட்டிக்கொண்டு வந்து, இரண்டு தூக்கையும் பின்னால் தாழ்வாக, ஆடாமல் இறுக்கிக் கட்டினோம். எடை சரிசமமாக இருக்கட்டும் என்று சாம்பாரை இரண்டு தூக்கிலும் பாதிப் பாதியாக ஊற்றிச் சட்னியை ஒரு டப்பாவில் இட்லிப் பாத்திரத்துக்கு மேல் கட்டலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அவர் ஏறினார். வலது கை தொடைக்குப் போனது. ஹேண்டில் அப்படியே நின்றது.

நான் அன்றைக்கு வேண்டுமென்றே முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்தேன். இருப்பதிலேயே நீளமானதாகப் பார்த்து. அவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று நுனிவிரலில் எக்கிக்கூட நின்றேன்.

"முருங்கைக்காய்!"

கோலப்பொடிக் கோட்டில் சக்கரத் தடம் கடைசிவரை நேராகப் போயிருந்தது. பையன்கள் கை தட்டினார்கள். பந்தயத்தில் நான் தோற்றேன். ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, அப்பா வரவில்லை என்று சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "ஹெல்மெட்டாவது போடச் சொல்லும்மா" என்றாள்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பாக்கியிருந்தது. கிரவுண்டில் பார்ப்பார், சரி. அது புறப்பாட்டில் சேராது என்று அவரே சட்டம் போட்டிருக்கிறார். நிஜமாகப் புறப்பட்டுப் போகும்போது பார்ப்பாரா? எங்கள் தெருமுனைக்குச் சற்று முன்னால் தோல் பட்டறை வாசலில் எப்போதும் ஒரு டெம்போ நிற்கும். அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பின்னாலிருந்து ஆட்டோவும் தண்ணீர் லாரியும் வந்துகொண்டேயிருக்கும். அந்த இடம் எங்கள் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். அங்கே பார்க்காதவர் செம்பூரில் எங்கே பார்க்கப்போகிறார்?

தூக்கைப் பின்னால் கட்டி முதல் தடவையாக லைனுக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். "டெம்போகிட்டயும் பாப்பீங்கல்லா?"

"பாப்போம்" என்றார்.

அவருடைய 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று நான்தான் முன்னாலேயே சொன்னேனே.

மறுநாள் விடிந்ததும் பாத்திரத்தை ஏற்றினோம். தூக்குகளைப் பின்னால் கட்டினோம். மகள் சொன்ன ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் யாரோ மாதிரி இருந்தார். இரண்டு பிரேக்கையும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. "சாக்கடை மூடி மேல போவாதீங்க, வழுக்கும்" என்றேன். தலையை ஆட்டினார். ஏறினார். போனார்.

நான் வாசலில் நின்றேன். அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டோ வந்து என்னைத் தாண்டிப் போனது. வலது பக்கமாக வருகிற அது அவருக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். கூப்பிட வேண்டும் போல இருந்தது. வாய் வரை வந்தது. இருபது வருஷப் பழக்கம், குரல் எழும்பவில்லை. எதிரே போய் நிற்கவும் நேரமில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் டெம்போவை நெருங்கிவிட்டார்.

அவருடைய வலது கை ஹேண்டிலை விட்டு இறங்கித் தொடைக்குப் போனது. ஹெல்மெட் திரும்பியது. அவர் முகம் தெரிந்தது. ஆட்டோவைப் பார்த்தார், அதைப் போக விட்டார். சைக்கிள் ஒரு நூல்கூடக் கோணவில்லை. முன்னால் பார்த்துவிட்டு இன்னொரு தரம் திரும்பினார். இந்தத் தடவை ரோட்டை மட்டும் பார்க்கவில்லை.

"முந்தானை!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கண்ணை மறைத்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னால், என் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, புறப்பட்டுப் போகிற அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"சரிதான்! முன்னால பாத்துப் போங்க!"

நல்ல காதில் அது விழுந்திருக்க வேண்டும். டெம்போவை ஒரு கதவு அகலத்துக்கு விலகிச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனவர், திரும்பும் முன்னால் கையைக் கொண்டு போய் ஹாரனை அமுக்கினார். பாம் பாம்.

வீட்டுக்கு வீடு இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் தெருவில் வாங்க வர ஒருத்தரும் இல்லை. அது யாருக்கு என்று எனக்கு மட்டும் தெரிந்தது.